நெஞ்சுக்குள் ஒரு மதகு

சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் என் இதய வால்வைக் கெடுத்தது. இப்போது இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பிளாஸ்டிக் தகடு சாய்ந்து ரத்தத்தை விடும், திரும்ப விடாது.

உறையாதிருக்கத் தினமும் மாத்திரை. அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. ஆகவே கபடி கூடாது, இறகுப்பந்து ஆடலாம் என்றார் டாக்டர். ஓராண்டு அதையும் ஆடவில்லை. பயத்துக்கு விவேகம் என்று பெயர் வைத்துப் புதாற்றங்கரையில் நடந்தேன். அந்த ஆண்டு எழுதிய விமர்சனங்களும் அப்படித்தான்: எதன்மீதும் மோதாதவை.

சென்ற வாரம் வங்கி முடிந்து மட்டையை எடுத்தேன். முதல் ஆட்டம் தோற்றேன். மூச்சிரைக்க நின்றபோது தகட்டின் சத்தம் எதிராளிக்குக் கேட்டுவிட்டது.

“என்ன சார், வாட்ச்சா?”

“ஆமாம்” என்று அடுத்த சர்வீஸைப் போட்டேன்.