ஏரிக்கு எல்லை போடுவது

வரைபடத்தை யார் கையில் கொடுத்தாலும் முதலில் தேடுவது சொந்த வீட்டைத்தான். உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்கள் சிலர் நடத்தும் இணையதளத்துக்காக, சென்னையின் மறைந்த ஏரிகளைக் காட்டும் ஒரு படத்தைச் செய்தபோது இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோட்டையைப் பார்க்க மாட்டார்கள், கடற்கரையைப் பார்க்க மாட்டார்கள். விரலால் இழுத்து, பெரிதாக்கி, நேரே தங்கள் தெருவுக்குப் போய் நிற்பார்கள். "அப்போ நம்ம வீடு ஏரியிலயா சார் இருக்கு?" என்பது அடுத்த கேள்வி.

ஏரி என்று இங்கே சொல்வது முக்கியமாக, ஆங்கிலேயர் லாங் டேங்க் என்று குறித்த அந்த நீண்ட ஏரியை. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்து, அன்றைய நகரின் மேற்கு ஓரத்தில் வளைந்து கிடந்த நீர்ப்பரப்பு. 1920களில் அதைத் தூர்த்த இடத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப்படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிவது அடுக்குமாடிகள்தான்.

இணையப் படத்தை எழுப்புவது இன்று பெரிய வித்தையில்லை. அடிப்படம் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்; யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மூலத்தின் பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதை உலாவியில் அசைய வைப்பது லீஃப்லெட். கீவ் நகரத்து வொலொதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட சின்ன நிரல்தொகுப்பு அது. தொடக்கப் படியில் உலகம் முழுவதும் 256 படப்புள்ளி அகலமுள்ள ஒரே சதுரத்தில் அடங்கும். ஒரு படி பெரிதாக்கினால் ஒவ்வொரு சதுரமும் நான்காகும். பதினெட்டாம் படியில் தெரு தெரியும்; அதற்குள் சதுரங்களின் எண்ணிக்கை 6,800 கோடியைத் தாண்டிவிடும். நாம் கேட்கும் நாலைந்து சதுரங்கள் மட்டுமே கைப்பேசிக்கு வருவதால் யாரும் அதை உணர்வதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். தரவைச் சேமிக்கும் ஜியோஜேசான் கோப்பு தீர்க்கரேகையை முதலில் வைக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் 13.08, 80.27 என்ற சென்னை, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். மதுரையும் துணைக்கு அதே பக்கம் போய்ச் சேரும்.

பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் உட்கார வைப்பதுதான் மெனக்கெட வேண்டிய வேலை. 1909ஆம் ஆண்டு இம்பீரியல் கெசட்டியரின் வரைபடத் தொகுதியில் சென்னைப் படம் ஒன்று இருக்கிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளில் அதைத் திறந்து, இரண்டு காலத்திலும் இடம் மாறாத புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். கோட்டை நம்பகமானது. மயிலாப்பூர்க் கோயில் குளத்தின் மூலைகளும் திருவல்லிக்கேணிக் குளத்தின் மூலைகளும் அதைவிட அருமை. நாலு பக்கமும் கல் கட்டி நூற்றாண்டுகளாக அசையாமல் இருக்கின்றன. கடற்கரையை மட்டும் தொடக்கூடாது. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றுகொண்டே போனது. அதைப் பிடித்துக் கட்டினால் ஊரே கிழக்கே இழுபடும்.

படம் உட்கார்ந்த பிறகு ஏரியின் எல்லையை வரைய வேண்டும். எங்கே போடுவது? நம் பக்கத்து நிலம் கிழக்கே சரிகிறது. அதனால் ஏரிக்குக் கீழ்ப்பக்கம் மண்கரை, அதில் மதகு, ஓரத்தில் கலங்கல். இவை மனிதர் கட்டியவை. இவற்றுக்குக் கோடு போடலாம். மேற்கே அப்படி எதுவும் கிடையாது. ஐப்பசியில் நீர் ஏறும், பங்குனியில் இறங்கும், காய்ந்த படுகையில் மாடு மேயும். நில அளவைக்காரர் எந்த மாதத்தில் வந்தாரோ அந்த மாதத்து ஏரிதான் அச்சில் இருக்கிறது. அந்த ஓரத்தை அழுத்தமான நீலக் கோடாகப் போட்டால், ஒரு வீட்டைத் தண்ணீருக்குள்ளும் பக்கத்து வீட்டைத் தரையிலும் வைக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த ஊரில் இது சாதாரண விஷயமல்ல. வீடு விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், வாங்குகிறவர் வேறு மாதிரி பார்ப்பார்.

கரைப்பக்கம் கோடும், மறுபக்கம் மெல்ல வெளுத்துப் போகும் நிறமுமாக வரைந்தேன். நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. "பளிச்சுனு இல்லையே" என்றார்கள். பளிச்சென்று இருந்தால் பொய்யாகும் என்றேன். இன்றும் அந்த வாதம் முடிந்தபாடில்லை. படம் மட்டும் என் விருப்பப்படி இருக்கிறது, நிரல் என் கையில் இருப்பதால்.

ஊடாடும் படம் என்றதும் பலர் நினைப்பது இடம் குறிக்கும் ஊசிகளை. தொட்டால் பெட்டி திறக்கும், பெட்டிக்குள் நாலு பத்தி இருக்கும். யாரும் படிப்பதில்லை. உண்மையில் பயன்பட்டது ஒரே ஒரு நகர்த்துபட்டைதான்: இடப்பக்கம் தள்ளினால் 1909, வலப்பக்கம் தள்ளினால் இன்று. தம் தெருவுக்குப் போனவர்கள் அதைத்தான் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஊசிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டேன். படம் சென்னையை விட்டு நகராதபடியும் கட்டிப்போட்டாயிற்று. வெளியே சுருக்கிக்கொண்டே போனால் நாட்டின் எல்லைக்கோடு வரும். அதைத் தவறாகக் காட்டுவது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. ஒரு பழைய ஏரிக்காக அந்த வம்பு எதற்கு?

தமிழ்ப் பெயர்கள் தனிக்கதை. ஆயத்தமாகக் கிடைக்கும் சதுரங்களில் பெயர்கள் படத்தோடு படமாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதிந்து வரும். நாமே எழுத்துப் போடும் புதுவகைப் படங்களை முயன்றால், அந்த நிரல் எழுத்துகளைத் தனித்தனித் துண்டுகளாக ஒட்டுகிறது. கோடம்பாக்கத்தின் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி அநாதையாக நின்றது. கடைசியில் பெயர்களை மட்டும் வலைப்பக்கத்தின் சாதாரண எழுத்தாகப் படத்தின் மேல் மிதக்கவிட்டேன். உலாவிக்குத் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

இனிச் சேர்க்க வேண்டியவை வாய்க்கால்கள். வரத்துக்கால், போக்குக்கால் இல்லாத ஏரி படத்தில் வெறும் நீலத் திட்டு. கெசட்டியர் படத்தின் அளவில் அவற்றைத் தேடுவது வீண். அதற்கு வருவாய்த்துறையின் புலப்படங்களுக்குப் போக வேண்டும். சங்கிலியும் லிங்குமாக அளந்து வரைந்த அந்தத் தாள்களில் வாய்க்கால் புறம்போக்கு ஒவ்வொன்றுக்கும் புல எண் உண்டு. மாம்பலத்திலிருந்து தொடங்கலாம் என்பது திட்டம்.