ஊர் ஒதுக்கிய நீதியரசர்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை யாம் பாடம் நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் மாணவருள் எவரேனும் ஒருவர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. “தவறிய தீர்ப்புக்காகப் பாண்டியன் உயிரைக் கொடுத்தான், சரி. உயிரோடிருந்து, அடுத்த வழக்கையும் அதற்கடுத்த வழக்கையும் கேட்டு, பழியைச் சுமந்துகொண்டே நீதி வழங்கியவர் எவருமில்லையா ஐயா?” என்பதே அவ்வினா. அப்போது எம் நெஞ்சில் எழும் பெயர் நம் நாட்டுப் பெயரன்று. அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்தின் கூட்டாட்சி நீதிபதியாக விளங்கிய பிராங்க் எம். ஜான்சன் என்பாரின் பெயரே அது.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு புறமும், கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்கள் மறுபுறமும் தனித்தனியே இயங்குகின்றன. கூட்டாட்சி நீதிமன்றங்களுள் அடித்தளத்தில் இருப்பதை அவர்களும் மாவட்ட நீதிமன்றம் என்றே அழைக்கின்றனர். ஆயினும் நம் மாவட்ட நீதிபதியை மனத்தில் கொண்டு அதனை அளத்தல் ஆகாது. அங்கே நீதிபதியைக் குடியரசுத் தலைவர் முன்மொழிய, செனட் அவை இசைவளிக்கும். நன்னடத்தை பிறழாதவரை வாழ்நாள் முழுதும் பதவி உண்டு. சாட்சியை நேரிற் கண்டு, ஆவணத்தைக் கையில் ஏந்தி முதற்றீர்ப்பு உரைப்பவர் அவரே. மாநில ஆளுநரையே கட்டுப்படுத்தும் ஆணையையும் அவர் பிறப்பிக்கலாம். இவ்வளவு அதிகாரம் ஒரு தனி மனிதரிடம் இருப்பது நன்றோ எனும் ஐயம் எமக்கும் உண்டு.

ஜான்சன் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், வடக்கு அலபாமாவின் வின்ஸ்டன் வட்டாரத்தில் பிறந்தார். மலைப்பாங்கான அந்நிலத்தில் பெருந்தோட்டங்கள் அரிது. அடிமைகளை வைத்திருந்தோரும் சிலரே. 1861இல் அலபாமா ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது அப்பிரிவினையை எதிர்த்த மக்கள் அவ்வட்டாரத்தார். தந்தையார் குடியரசுக் கட்சியினர். தாயாரின் பெயரே அலபாமா. சட்டம் பயின்று 1943இல் பட்டம் பெற்ற ஜான்சன், போருக்குச் சென்று நார்மண்டியில் காயமுற்றார். பின்னர் அரசு வழக்குரைஞரானார். அப்பணியில் அவர் நடத்திய ஒரு வழக்கு குறிப்பிடத்தக்கது. சிறைப்பட்ட ஏழைக் கறுப்பரின் தண்டத்தொகையைக் கட்டி மீட்டு, அக்கடனைக் காட்டி நிலத்தில் அடைத்து வேலை வாங்கிய பண்ணையாரை அவர் கூண்டில் ஏற்றினார். நம் நாட்டில் கொத்தடிமை என்று சொல்கிறோமே, அதுவேதான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, 1954இல் அவர்களைக் குற்றவாளிகள் என்றது.

1955இல், 37ஆம் வயதில், மான்ட்கோமரி நகரில் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஐசனோவர். ஒரு மாதம் கழிவதற்குள் அந்நகரிலேயே ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். டிசம்பர் 5ஆம் நாள் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கிற்று. 381 நாள் நீடித்த அப்போராட்டத்தைப் பலரும் அறிவர். அதனை முடித்து வைத்தது நீதிமன்றத் தீர்ப்பு என்பதைச் சிலரே அறிவர். ரோசா பார்க்ஸ் அவ்வழக்கின் வாதியல்லர். கிளாடெட் கோல்வின் என்னும் பள்ளிச் சிறுமி உள்ளிட்ட நான்கு பெண்கள் சார்பில், 1956இல் பிரட் கிரே என்னும் இளம் வழக்குரைஞர் தொடுத்தது அது. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னரே, தம் 15ஆம் வயதில், இருக்கையை விட மறுத்துக் கைதானவர் கோல்வின். உங்கள் தலைவர் யார் என்று நகரத்தின் வழக்குரைஞர் வினவியபோது, எமக்கு யாமே தலைவர் என்ற பொருள்பட அச்சிறுமி விடையிறுத்தார்.

மூன்று நீதிபதிகள் அமர்ந்த அவ்வாயத்தில் இளையவர் ஜான்சன். மரபுப்படி இளையவரே முதலில் கருத்துரைக்க வேண்டும். பேருந்தில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு மாறானது என்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. மூத்தவரான ரைவ்ஸ் உடன்பட்டார், லின் மாறுபட்டார். 1956 ஜூன் 5இல் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ரைவ்ஸுடைய மறைந்த மகனின் கல்லறையைக் கயவர் மாசுபடுத்தினர். ஜான்சனின் வீட்டு முற்றத்தில் சிலுவையை எரித்தனர். மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி வசைகளும் தொடர்ந்தன. நகரத்துப் பெருமக்கள் அவரை விருந்துக்கு அழைப்பதை விட்டனர். கொலை மிரட்டலைவிட இந்த ஒதுக்கலே கொடிதென்று எமக்குத் தோன்றுகிறது. சிற்றூரில் வாழ்ந்தோர் இதனை அறிவர்.

இனி, மாணவர்கள் அறிய வேண்டிய மற்றொன்று. ஜான்சன் எப்போதும் நலிந்தோர் பக்கமே தீர்ப்புரைத்தார் என்று எண்ணிவிடலாகாது. டஸ்கிகி நகரின் எல்லையை அலபாமா சட்டமன்றம் 1957இல் திருத்திற்று. சதுரமாயிருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட விந்தை வடிவமாயிற்று. சுமார் 400 கறுப்பின வாக்காளருள் நால்வரோ ஐவரோ தவிர ஏனையோர் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். அந்நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர் கொமிலியன் வழக்குத் தொடுத்தார். எல்லை வகுப்பது சட்டமன்றத்தின் உரிமை, நீதிமன்றம் தலையிட இயலாது என்று ஜான்சன் அவ்வழக்கைத் தள்ளினார். 1960இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றிற்று. வழக்கு மீண்டும் அவர் முன்னரே வந்தது. 1961இல் அச்சட்டம் செல்லாது என்று அவரே தீர்ப்பளித்தார். முதற்றீர்ப்பு பிழை என்பதே எம் கருத்து. ஆயினும் பிழையைத் திருத்தும் மேல்மன்றமும், திருத்தத்தை முணுமுணுக்காமல் நிறைவேற்றும் கீழ்மன்றமும் இருந்தால் பாண்டியன் அரியணையிலிருந்து வீழ வேண்டியதில்லை.

செல்மா நிகழ்ச்சியும் அத்தகையதே. 1965 மார்ச் 7ஆம் நாள், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் பாலத்தருகே காவலர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். இரண்டு நாள் கழித்து மீண்டும் நடக்க மார்ட்டின் லூதர் கிங் அணியமானபோது, விசாரணை முடியும்வரை நடக்கலாகாது என்று ஜான்சன் தடை விதித்தார். அன்று கிங் பாலம் வரை சென்று திரும்பினார். போராட்டக்காரர் பலர் மனம் புழுங்கினர். பின்னர்ச் சாட்சிகள் வந்தனர். தாக்குதலின் படச்சுருள் நீதிமன்றத்திலேயே திரையிடப்பட்டது. மார்ச் 17இல் தீர்ப்பு. இழைக்கப்பட்ட கொடுமை எவ்வளவு பெரிதோ, அமைதியாக நெடுஞ்சாலையில் அணிவகுக்கும் உரிமையும் அவ்வளவு விரியும் என்பது அதன் சாரம். சாலை குறுகிய இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கலாகாது என்று வரம்பும் வகுத்தார். ஐந்து நாள் நடந்து, 54 மைல் கடந்து, மார்ச் 25இல் மான்ட்கோமரியை அடைந்தபோது கூட்டம் ஏறத்தாழ 25,000.

அன்றிரவே வயோலா லியூசோ என்னும் வெள்ளைப் பெண்மணி, நடையில் பங்கேற்றவர்களைக் காரில் ஏற்றிச் சென்றமைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையானான். டிசம்பரில் மூவர் ஜான்சன் முன் நின்றனர். கொலைக்காக அன்று, குடியுரிமையைப் பறிக்கச் சதி செய்தமைக்காக. முடிவுக்கு வர இயலவில்லை என்று நடுவர் குழு சொன்னபோது, மீண்டும் சென்று ஆராயுங்கள் என அனுப்பினார். குற்றம் உறுதியாயிற்று. சட்டம் அனுமதித்த உச்சத் தண்டனையாகிய பத்தாண்டுச் சிறையை மூவருக்கும் விதித்தார்.

இத்தனைக்கும் எதிர்முனையில் நின்ற ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், சட்டக் கல்லூரியில் ஜான்சனின் உடன்பயின்றவர். வாலஸ் மாநில நீதிபதியாயிருந்தபோது, வாக்காளர் பதிவேடுகளைக் குடியுரிமை ஆணையத்திடம் தரமாட்டேன் என்று ஊரறிய முழங்கினார்; மறைவில், சுற்றுவழியாக அவற்றைக் கிடைக்கச் செய்தார். 1959இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தபோது, ஆணை உண்மையில் நிறைவேறிவிட்டது என்று சொல்லி ஜான்சன் அவரை விடுவித்தார். சிறை சென்ற வீரராக விரும்பியவருக்கு விடுதலையே தண்டனையாயிற்று! இதனைப் படிக்கும்போதெல்லாம் எமக்குச் சிரிப்பு வருவதுண்டு.

1967 ஏப்ரலில் அவர்தம் தாயாரின் வீட்டில் குண்டு வெடித்தது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தொலைபேசி ஏட்டில் அப்பெயரைக் கண்டு வீடு மாறி வைத்தனர் என்பர். தாயார் உயிர் தப்பினார். வீட்டை விட்டு வெளியேற மறுத்துவிட்டார். 1975இல் ஜான்சன் தம் ஒரே வளர்ப்பு மகனை இழந்தார். அதுபற்றி யாம் மிகுதியாக எழுத விரும்பவில்லை.

எம்மை மிகவும் ஈர்த்த வழக்கு மனநல மருத்துவமனை பற்றியது. டஸ்கலூசாவின் பிரைஸ் மருத்துவமனையில் 5,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 1970இல் ஊழியர் குறைப்பை எதிர்த்து வந்த வழக்கு அது. ஊழியர் வேலை ஒருபுறம் இருக்க, நோயாளியின் நிலை என்ன என்பதே ஜான்சனின் கவனத்தை ஈர்த்தது. மனநோயே இல்லாத 15 வயதுச் சிறுவன் ஒருவன் அடங்காப் பிள்ளை என்பதற்காக அங்கே அடைக்கப்பட்டிருந்தான். மருத்துவம் தருவதாகச் சொல்லி ஒருவரை அடைத்துவிட்டு, மருத்துவமே தராதிருப்பது அரசியல் சட்டத்துக்கு மாறு என்று 1971இல் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு விதிகளை வகுத்தார். எட்டு நோயாளிக்கு ஒரு கழிப்பறை; ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது; நோயாளர் பயன்படுத்தும் வெந்நீர் 110 பாரன்ஹீட் அளவில் இருத்தல் வேண்டும். வெந்நீரின் சூட்டை அளப்பதா நீதிபதியின் வேலை என்று கேட்டோர் பலர். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அளக்க வேண்டியவர்கள் அளக்கவில்லை. 1976இல் சிறைச்சாலைகளுக்கும் இவ்வாறே ஆணையிட்டார்.

1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவரைக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறைக்குத் தலைவராக்க முன்வந்தார். உடல்நலக் குறைவால் அது கைகூடவில்லை. 1979இல் மேல்முறையீட்டு மன்றத்துக்கு உயர்ந்தார். மான்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்துக்கு 1992இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1999 ஜூலை 23இல், ஒரு காலத்தில் தம்மை ஒதுக்கிய அதே நகரில் மறைந்தார். மருத்துவமனை வழக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை. 33 ஆண்டுகள் நடந்து, 2003இல்தான் அதன் கோப்பு மூடப்பட்டது.