எல்லாம் பிங்!

பெல்லந்தூர், பெங்களூரு

வசு,

அம்மாவோட முழங்கால் எப்படி இருக்குன்னு விவரமா எழுது. இப்ப எனக்கு அவசரமா வம்பு பேசியாகணும். எங்க டீம்ல நாலஞ்சு பேர் ராத்திரியில ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடறோம்னு சொன்னேனே, அதுல மேனேஜரும் வந்து சேர்ந்துட்டார்!

ஸ்லைடுல ஒரு கமா தப்பினாலே மீட்டிங்கை நிறுத்தற மனுஷன்டி. இங்க தரையில ஆரஞ்சு வட்டம் தெரிஞ்சா, அதாவது ‘அடி விழப்போகுது, நகரு’ன்னு விளையாட்டே கெஞ்சறப்போ, நேரா அதுக்குள்ள போய் நிக்கறார். அவரைப் பொழைக்க வைக்கற ஹீலர் யாருங்கற? ஜூன்ல சேர்ந்த இன்டர்ன், கோயம்புத்தூர்ப் பொண்ணு. “சார், நகருங்க சார்!”னு அவ ஹெட்செட்ல கத்தறா, இவர் “சாரி, சாரி”ங்கறார்.

கேட்டா “எல்லாம் பிங்”காம். முழுப் பொய்னும் சொல்ல முடியாது. இந்தியாவுல இதுக்கு சர்வர் கிடையாது. ஜப்பான் சர்வர்ல ஆடறோம், அமுக்கற ஒவ்வொரு பட்டனும் கடலுக்கடியில கேபிள் வழியா அங்க போய்த் திரும்பணும். எதிர்ல நிக்கற பெரிய அரக்கன், அதான் ‘பாஸ்’, அடியை ஓங்கி முடிக்கற நொடியில நீ எங்க இருக்கேன்னு சர்வர் பார்க்கும். உன் திரையில நீ தப்பிச்சாச்சு, அதோட கணக்குல இன்னும் வட்டத்துக்குள்ளதான். சரி, ஆனா பி.ஜி. வைஃபையில ஆடற அந்தப் பொண்ணு மேல ஒரு அடிகூட விழலையே!

இந்த விளையாட்டுகள்ல திறமைங்கறோமே, அதுல பாதி யாராவது சொல்லிக்குடுத்த விஷயம்தான்னு எனக்குத் தோணுது. இதே மாதிரி இன்னொரு விளையாட்டு, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2004 நவம்பர்ல வந்தது. அதுல ரக்னரோஸ்னு ஒரு பாஸ், 40 பேர் சேர்ந்து அடிக்கணும். அவன் முதல் தடவை விழறதுக்கு 2005 ஏப்ரல் ஆயிடுச்சு. அதே பழைய விளையாட்டை 2019 ஆகஸ்ட்ல ‘கிளாசிக்’னு திரும்ப விட்டாங்க, ஒரு வாரத்துக்குள்ள ஆள் காலி! பிற்பாடு செஞ்ச திருத்தங்களால வீரர்கள் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது உண்மைதான். ஆனா அதைவிட, இத்தனை வருஷத்துல அவனோட சூட்சுமம் எல்லாம் ஊருக்கே மனப்பாடம்.

நடுவுல அந்த வார்கிராஃப்ட் கம்பெனி, தெரியாதவங்களுக்காக பாஸையே மெலிய வெச்சும் பார்த்தது. 2006ல வந்த நக்ஸ்ரமாஸ்ங்கற கோட்டையில ரொம்பக் கொஞ்சம் பேர்தான் காலை வெச்சாங்கன்னு, 2008ல அதையே 10 பேருக்கும் 25 பேருக்கும் சுலபமாக்கி விட்டாங்க. 2011ல முன்பின் தெரியாதவங்களை ஒரு பட்டன்ல சேர்த்து ரெய்டுக்கு, அதாவது கூட்டமா பாஸை அடிக்க, அனுப்பற வசதி. எல்லாரும் பாஸைப் பார்த்தாங்க, யாரும் யார்கிட்டயும் பேசலை. நாலு பேர் அடிக்க, மிச்சப் பேர் பரிசை வாங்கிட்டு நடையைக் கட்ட, யார் என்னத்தைக் கத்துக்கறது?

நாங்க ஆடறதுல தந்திரமே வேற. கைதேர்ந்தவன் புதுசுங்களோட ஒரு குகைக்குள்ள போனா, அவன் லெவலையும் அந்த இடத்தளவுக்கு இறக்கிடும். எவன் இறங்கி வருவான்னு கேப்ப. வருவான்டி, தினமும் அதுக்குக் கூலி உண்டு! கூட்டத்துல அந்த இடத்தை முதல் தடவையா பார்க்கற ஆள் இருந்தா அதுக்கு மேல போனஸ் வேற. அதனால மேனேஜரைப் பார்த்து முகம் சுளிக்காம வாயெல்லாம் பல்லா வரவேற்கறாங்க. கஷ்டம்தான் வேணும்ங்கறவங்களுக்கு ‘சாவேஜ்’னு தனி ரகம் இருக்கு, 2017லேர்ந்து ‘அல்டிமேட்’டும் இருக்கு. நம்ம இன்டர்ன் அங்கயும் போறா. மேனேஜருக்கு அது தெரியாது, சொல்லிடாதே.

இன்னொண்ணு கேளு. போன வாரம் அவர், “யார் எவ்வளவு டேமேஜ் குடுக்கறாங்கன்னு ஒரு டேஷ்போர்டு இல்லையா?”ன்னு கேட்டார். வார்கிராஃப்ட்ல அந்த மீட்டரை வெச்சுத்தான் ஆளைக் கழிச்சுக் கட்டுவாங்க. இங்க வெளி மென்பொருளுக்குத் தடை. நல்லவேளை! இருந்திருந்தா கடைசி வரியில யார் பேர் வந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

நீயும் வாயேன். லெவல் 70 வரைக்கும் இலவசம், நாள் கெடுவும் கிடையாது. நீ புதுசா வந்தா எங்களுக்குத்தான் போனஸ். சீக்கிரம் வா, ஏன்னா முன்னால அடியெல்லாம் வாங்கிக்கற டேங்கா நிக்கற டெஸ்டிங் டீம் பையனுக்கும் இன்டர்னுக்கும் நடுவுல ஏதோ ஓடுது. நாங்க எல்லாரும் செத்துக் கிடந்தாலும் அவனுக்கு மட்டும் உயிர் எப்பவும் ஃபுல். தீபாவளிக்கு அவன் கோயம்புத்தூர் போறானாம். அவன் சொந்த ஊர் ஹூப்ளிடி!

உன்
மாலு