எதை ஆக்குவது?

ஊதியத்தைப் பற்றித் தொழிலாளி கேட்கலாம். வேலைநேரத்தைப் பற்றியும் கேட்கலாம். ஆனால், தன் கையால் ஆக்கப்படும் பொருள் எவருக்குப் பயன்படுகிறது என்று அவன் கேட்டலாகாது என்பது ஆலைகளின் எழுதாச் சட்டம். தொழிற்சங்கங்கள் பலவும் நெடுங்காலம் இதனை ஏற்றே நடந்துள்ளன. ஆதலாற்றான், மாசுபடுத்தும் ஆலையொன்றை மூடவேண்டுமென்ற குரல் எழும்போதெல்லாம், தொழிலாளி ஒரு பக்கத்திலும் சுற்றாடல் மறுபக்கத்திலுமாக நிறுத்தப்படுகின்றன. வேலையா, மண்ணா என்று கேட்டு அவன் வாய் அடைக்கப்படுகிறது.

இவ்வினாவையே ஏற்க மறுத்தோருள், பிரித்தானியாவின் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் கம்பனித் தொழிலாளர்க்குத் தனியிடம் உண்டு. விமான உறுப்புக்களைச் செய்த அக்கம்பனியின் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்த்தேவைகளுக்கே சென்றது. 1970களில் ஆட்குறைப்பு நெருங்கியபோது, பல ஆலைகளிலும் பல சங்கங்களிலும் பிரிந்துகிடந்தோரின் பிரதிநிதிகள் ஒரே குழுவாக இணைந்தனர். அறிஞர் பலருக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டனர். பதிலளித்தோர் மிகச் சிலரே. பின்னர் தம் சகதொழிலாளரையே கேட்டனர்: நம் கைத்திறனையும் இங்குள்ள இயந்திரங்களையும் கொண்டு, சமூகத்துக்குப் பயன்தரும் எவற்றை ஆக்கலாம்?

பட்டறைகளிலிருந்து விடைகள் குவிந்தன. 1976இல் வெளிவந்த அவர்களது திட்டம் ஏறத்தாழ 150 பொருள்களை முன்வைத்தது. வெப்பப் பம்பி, சூரியக் கலம், காற்றாலை, சிறுநீரக இயந்திரம், வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல வாகனம் என்பன அவற்றுட் சில. குண்டுவீச்சு விமானத்துக்கு உறுப்புச் செய்த அதே கைகள், வீட்டைச் சூடாக்கவும் நோயாளியைக் காக்கவும் வல்லவை என்பதை அத்திட்டம் காட்டிற்று.

நிர்வாகம் அதனை நிராகரித்தது. எதை ஆக்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அது விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. திட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பொறியியலாளர் மைக் கூலி 1981இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் 'மாற்று நோபல்' எனப்படும் பரிசு அவரை வந்தடைந்தது.

வெப்பப் பம்பிகள் இன்று ஐரோப்பிய இல்லங்களிற் பெருகி வருகின்றன. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும் தன் முகவுரையில், தொழிலாளர்க்கு நீதியான மாற்றம் வேண்டுமென்பதைக் கருத்திற் கொள்கிறது. எனினும், சுரங்கம் மூடப்படும் நாளில் நட்டஈடு கேட்கும் அளவிலேயே சங்கங்கள் நின்றுவிடுமாயின், அம்மாற்றத்தை வேறெவரோ வரைந்து முடித்திருப்பர். லூக்காஸ் தொழிலாளரிடம் அறிவு இருந்தது, உரிமை இருக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.