யார் யாரைச் சோதிப்பது?

வீட்டிலுள்ள கம்பியில்லா இணையத்திற்கும் பல்கலைக்கழகத்திலுள்ள இணையத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு, வீட்டுப் படலைக்கும் வங்கியின் வாயிலுக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது. வீட்டிலே கடவுச்சொல் ஒன்றுதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், பொங்கலுக்கு வந்து நிற்கும் மைத்துனருக்கும் அதே சொல். பல்கலைக்கழகத்திலோ ஆயிரக்கணக்கானோர் வந்து போகின்றனர். அத்தனை பேருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அது இரகசியமாக இருக்குமா? ஆகவே அங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வழங்கப்படுகின்றன. ‘802.1எக்ஸ்’ என்னும் பொது நியமம் இம்முறைக்கு அடிப்படையாகும். அது 2001ஆம் ஆண்டு வெளிவந்தது.

இந்நியமத்தைக் கொண்டு 2002ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் ஓர் அரிய ஏற்பாடு உருவாயிற்று. நெதர்லாந்து நாட்டுக் கல்வி வலையமைப்பைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா என்பவர் அதன் கருத்தை முன்வைத்தார். ‘எடுரோம்’ என்பது அதன் பெயர். ஒரு பல்கலைக்கழக மாணவர், இதிற் சேர்ந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், தம் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே அங்கு இணையத்தைப் பெறலாம். பெயரின் பின்னே உள்ள முகவரியைப் பார்த்து, “இவர் உங்கள் மாணவர்தானா?” என்ற கேள்வி அவருடைய தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுகின்றது. “ஆம்” என்று விடை வந்தாற் கதவு திறக்கும். இன்று நூறு நாடுகளுக்கு மேல் இவ்வேற்பாடு பரவியுள்ளது. நம் நாட்டில் இதனை நடத்துவது ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாகும்.

இவையெல்லாம் நான் நூலிற் படித்து அறிந்தவை அல்ல. என் மகளால் அறிந்தவை. அவள் பல்கலைக்கழகம் புகுந்தபோது விடுதியிற் சேர்ப்பதற்காக நானும் உடன் சென்றேன். பதிவு முடிந்தபின், நூலகத்துக்கு அருகே மரநிழலிலிருந்த வாங்கொன்றில் அமர்ந்து, தன் மடிக்கணினியைத் திறந்தாள். வலையமைப்புப் பட்டியலில் எடுரோம் என்ற பெயர் தெரிந்தது. தனக்குத் தரப்பட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டாள். உடனே திரையில் ஒரு வினா எழுந்தது. ‘இவ்விடத்தில் இவ்வலையமைப்பை நீங்கள் எதிர்பார்த்தால் மேலே செல்லலாம், இன்றேல் இது இதே பெயர்கொண்ட வேறொன்றாகவும் இருக்கலாம்’ என்பது அதன் கருத்து.

அருகிலிருந்த மூத்த மாணவி ஒருத்தி அன்போடு எட்டிப் பார்த்தாள். “தங்கச்சி, யோசிக்க வேண்டாம். ‘இணை’ என்பதை அழுத்துங்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். கைப்பேசியில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் ஒரு தொல்லையும் இல்லை.”

என் மகள் விரலை எடுத்துக்கொண்டாள். “அக்கா, இது எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினிதானென்று நமக்கு எப்படித் தெரியும்?” என்று மெல்லக் கேட்டாள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. முதலாம் வருட மாணவி, சேர்ந்த முதல்நாளே, மூத்தவள் சொன்னதற்கு மறுகேள்வி கேட்கின்றாள்! பகிடிவதையைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோர் இந்நாட்டில் உண்டா? ஒரு கணம் எவரும் பேசவில்லை. பின்பு அந்தப் பெண் சிரித்தாள். “இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வாருங்கள், கணினி நிலையத்தில் விசாரிப்போம்” என்றாள். அவள் எவர் வீட்டுப் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

கணினி நிலையத்து உத்தியோகத்தர் பொறுமையுடன் விளக்கினார். எடுரோம் என்ற பெயரை எவரும் தம் கருவிக்குச் சூட்டலாம். பைக்குள் அடங்கும் சிறிய கருவி ஒன்றைத் தேநீர்க்கடை மேசையில் வைத்துக்கொண்டு, அப்பெயரால் அழைப்பவன் ஒருவன் இருக்கலாம். உண்மையான கணினியிடம் மட்டும் அதற்குரிய டிஜிட்டற் சான்றிதழ் உண்டு. அதைச் சரிபார்த்த பின்னரே கடவுச்சொல், இடையிலிருப்போர் எவரும் வாசிக்க முடியாதபடி முத்திரையிட்ட கடிதம்போலச் செல்கின்றது. சரிபார்க்காமல் விட்டாலோ, அந்தக் கடிதத்தை வஞ்சகன் கையிலேயே நீட்டியவராவோம். கடவுச்சொல்லோ, அதைக் கண்டுபிடிக்க உதவும் தடயமோ அவனிடம் சேர்ந்துவிடும். அந்த ஒரே சொல்தான் மாணவியின் மின்னஞ்சலையும், பாடப்பதிவையும், நூலகக் கணக்கையும் திறப்பது என்றும் அவர் சொன்னார்.

சான்றிதழுக்குக் கைரேகை போன்ற ஓர் அடையாளம் உண்டு. எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட வரிசை அது. திரையில் ‘விபரங்களைக் காட்டு’ என்பதை அழுத்தினால் தெரியும். உத்தியோகத்தர் அச்சிட்டுத் தந்த தாளை மூத்தவள் வாசிக்க, என் மகள் திரையைப் பார்த்துத் தலையசைக்க, இருவரும் வாய்பாடு ஒப்புவிக்கும் சிறுமிகளைப்போல அதனை ஒப்பிட்டனர். இரண்டு நிமிட வேலை. எல்லாம் பொருந்திய பிறகே ‘இணை’ என்பது அழுத்தப்பட்டது. மூத்தவளும் தன் கைப்பேசியை அங்கேயே திருத்திக்கொண்டாள்.

இவ்வளவு சிரமமும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. எடுரோம் அமைப்பினரே ஆக்கிய அமைவு உதவிச் செயலி ஒன்றுண்டு. தம் பல்கலைக்கழகம் அதிற் சேர்ந்திருந்தால், அது சரியான சான்றிதழையும் கணினியின் பெயரையும் தானே பதிந்துவிடும். கைப்பேசி செய்வோரும் விழித்துக்கொண்டனர். 2020ஆம் ஆண்டின் இறுதியிற் கூகிள் நிறுவனம் தன் பிக்சல் கைப்பேசிகளிலிருந்து ‘சரிபார்க்க வேண்டாம்’ என்னும் தெரிவை நீக்கிவிட்டது. ஒருமுறை சரியாக இணைத்தபின், பழகிய இடத்தில் அவ்வினா திடீரென மீண்டும் எழுந்தால், அழுத்துவதற்குமுன் கணினி நிலையத்தை விசாரிப்பது நன்று. சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

நம் குடும்பங்களிற் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் கேட்டாற் பதில் சொல்லப் பழக்குகின்றோம். “யாருடைய பிள்ளை? எந்த ஊர்?” என்று எவர் கேட்டாலும் அடக்கமாக விடை சொல்பவளே நல்ல பிள்ளை. அது நம் ஊர்களுக்குப் பொருந்திய பழக்கம்; கேட்பவரை நாம் அறிவோம். இன்று கேட்பவர் முகமில்லாதவர். வங்கியின் பெயரால் தொலைபேசியிற் பேசுபவரும், பல்கலைக்கழகத்தின் பெயரால் கம்பியில்லாமல் அழைப்பவரும் வெறும் பெயரையே காட்டுகின்றனர். அவர்களிடம் “நீங்கள் யார்? அதற்கு அத்தாட்சி என்ன?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. உண்மையான நிறுவனம் அக்கேள்விக்கு விடையை ஆயத்தமாக வைத்திருக்கும். பதில் சொல்லக் கற்பித்த பெற்றோரே, அமைதியான குரலில் இக்கேள்வியைக் கேட்கவும் கற்பித்தல் வேண்டும்.