சட்டத்தைத் தாண்டி வரும் படங்கள்

இணையத்தில் கொஞ்சம் சுற்றியவர்கள் இந்த மாதிரிப் படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வெள்ளை பார்டர் போட்ட ஒரு சாதாரண போட்டோ. அதற்குள் ஒரு நாய் ஓடி வருகிறது. பின்னங்கால்கள் போட்டோவுக்குள். தலையும் முன்னங்கால்களும் பார்டரைத் தாண்டி வெளியே! வெளியே வந்த காலுக்குக் கீழே ஒரு நிழல் வேறு. இன்னும் ஒரு எட்டு வைத்தால் மடியில் வந்து விழுந்துவிடும் போல இருக்கும். இதற்கு 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்று பெயர்.

போட்டோஷாப்போ கிம்ப்போ கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் மாணவர்களில் பாதிப் பேராவது ஒரு கட்டத்தில் இதைச் செய்து பார்ப்பார்கள். செய்து முடித்ததும் அறை நண்பனைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவன் கேட்கும் முதல் கேள்வி, "எப்படிடா நாயை வெளியே இழுத்தே?"

கேள்வியிலேயே தப்பு இருக்கிறது. யாரும் நாயை இழுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

செய்முறையைப் பார்த்தால் இது புரிந்துவிடும். முதலில் ஒரு முழு போட்டோ. நாய், புல்தரை, பின்னால் மரங்கள் எல்லாம் இருக்கிறது. அதை இன்னொரு லேயராக நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டோவின் நடுவில் சின்னதாக ஒரு கட்டம் வரைந்து, சுற்றி வெள்ளை பார்டர் போட வேண்டும். கட்டம் நாயின் உடம்பைப் பாதியில் வெட்டுகிற மாதிரி இருக்கட்டும். கட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, கீழ் விளிம்பை அகலமாக்கினால் தரையில் கிடத்திய போட்டோ மாதிரி தெரியும்.

அடுத்து மாஸ்க். கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். கட்டத்துக்கு வெளியே இருக்கும் புல், மரம், வானம் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். நாயின் தலையையும் முன்னங்கால்களையும் மட்டும் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். நாய் ஒரு புள்ளிகூட நகரவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம்தான் காணாமல் போனது.

இது ஏன் வேலை செய்கிறது? ஒரு பொருள் இன்னொன்றை மறைத்தால், மறைப்பதுதான் முன்னால் இருக்கிறது என்று மூளை முடிவு செய்துவிடும். நாயின் கால் பார்டரை மறைக்கிறது, எனவே கால் பார்டருக்கு முன்னால். பார்டர் நாயின் பின்பக்கத்தை மறைக்கிறது, எனவே அது பார்டருக்குப் பின்னால். இந்த இரண்டு தகவலையும் சேர்த்து, நாய் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று மூளையே கதையை முடித்துக்கொள்கிறது. பார்டரை எடுத்துவிட்டால் வித்தை காலி. மிச்சம் இருப்பது வெள்ளைத் தாளில் ஒட்டிய ஒரு நாய். எல்லை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் மீறலும் தெரியும்.

புதிதாகச் செய்பவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று முடி. நாயின் ரோமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியது போல வெட்டினால் உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். ஓரத்துக்கு மெல்லிய பிரஷ் வேண்டும், பொறுமையும் வேண்டும். மற்றது நிழல். போட்டோவில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வந்தால் நிழல் வலப்பக்கம்தான் விழ வேண்டும். காலை ஒட்டிய இடத்தில் அடர்த்தியாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்க வேண்டும். நிழலை மறந்தால் நாய் அந்தரத்தில் தொங்கும் :-)

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த விளையாட்டு என்று நினைத்தால், அதுவும் தப்பு. ஸ்பெயினின் காடலோனியா பகுதியைச் சேர்ந்த பெரே போரெல் தெல் காசோ என்ற ஓவியர் 1874-லேயே இதைச் செய்துவிட்டார். 'விமர்சனத்திலிருந்து தப்பித்தல்' என்று அந்த ஓவியம் அழைக்கப்படுகிறது. வெறுங்காலோடு ஒரு பையன். இரண்டு கைகளாலும் சட்டத்தின் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கீழ்ச் சட்டத்தின் மேல் வைத்து, கண்ணை அகல விரித்தபடி வெளியே ஏறி வருகிறான். அவன் பிடித்திருக்கும் அந்தச் சட்டமே மரம் இல்லை, அதுவும் வரைந்ததுதான்! லேயரும் மாஸ்க்கும் இல்லை, அண்டூவும் இல்லை. ஆனால் சூத்திரம் அதேதான். மறைப்பு, நிழல், கண்ணுக்குத் தெரியும் ஒரு எல்லை. இன்று அந்த ஓவியம் ஸ்பெயின் மத்திய வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது.

சினிமாவிலும் இது உண்டு. பாண்டிச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தில் பறக்கும் மீன்கள் கூட்டமாகப் பாயும் காட்சி நினைவிருக்கிறதா? அந்தக் காட்சிக்கு மட்டும் இயக்குநர் ஆங் லீ திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை அதிகமாக்கினார். மீன்கள் அந்தப் பட்டைகளின் மேலேயே தாவிப் பறந்தன. நிஜத்திரையைத் தாண்ட முடியாது. அதனால் திரைக்குள்ளேயே ஒரு பொய்ச் சட்டம் போட்டு அதைத் தாண்ட வைத்தார்.

இதுவரை வந்தவை எல்லாம் பொய்கள்தான். ஆனாலும் யாரும் ஏமாந்ததாகப் புகார் சொல்லவில்லை. ஏன்?

இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது. நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையின் 1982 பிப்ரவரி இதழ் அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள். எடுத்த போட்டோ அகலமானது, அட்டையோ உயரமானது. எனவே கணினியின் உதவியோடு பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்திச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள். போட்டோஷாப் முதல் பதிப்பு வந்தது 1990-ல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்! விஷயம் தெரிந்ததும் பெரிய சர்ச்சை. போட்டோகிராபர் சில அடி தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் படம்தானே என்கிற ரீதியில் அன்று சமாதானம் சொன்னார்கள். 2016-ல் அப்போதைய ஆசிரியர், அந்தக் கண்டனம் நியாயமானதே என்று எழுதினார்.

நாய் சட்டத்தை விட்டு வெளியே வந்தது. யாரும் கோபப்படவில்லை. பிரமிடு சட்டத்துக்குள் நகர்ந்தது. கோபம் வந்தது. காரணம் எளிது. முதல் படத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று படமே விரல் நீட்டிக் காட்டுகிறது. மேஜிக் செய்கிறவர் மேடையில் நின்று செய்வது மாதிரி. இரண்டாவது படத்தில் தையல் தெரியவில்லை. அது சாட்சி சொல்வது போல வந்து நின்றது.

மாணவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நாயின் ரோமத்தை அழகாகப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்ட அதே கை, அதே மாஸ்க், அதே மெல்லிய பிரஷ்தான், வகுப்புத் தோழியின் முகத்தை வேறு ஒரு உடம்பில் ஒட்டவும் போதும். 'சும்மா தமாஷுக்கு' என்று செய்த மார்ஃபிங் போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருக்கிறது. படிப்பை விட்ட பெண்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஒரு பிரபல நடிகையின் முகத்தை இன்னொரு பெண்ணின் வீடியோவில் பொருத்திப் பரப்பியபோது நாடே பேசியது. அதற்குப் பிரஷ் பிடிக்கும் பொறுமைகூடத் தேவைப்படவில்லை, மென்பொருளே பார்த்துக்கொண்டது. பிரபலம் என்பதால் உண்மை சீக்கிரம் வெளியே வந்தது. பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது செல்போனில் விரலை வைத்து அழுத்தினாலே உருவம் தனியாகக் கழன்று வந்துவிடுகிறது. எனவே 'செய்யத் தெரியுமா?' என்ற கேள்விக்கு மதிப்பு குறைந்துவிட்டது. 'பார்ப்பவருக்கு இது பொய் என்று தெரியுமா? படத்தில் இருப்பவருக்கு இதில் சம்மதமா?' இந்த இரண்டு கேள்விதான் மிச்சம்.

சட்டத்தைத் தாண்டும் படம் இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்கிற ஒரு பொய். அதனால் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஓடும் நாய், சீறி வரும் பைக், சிக்ஸர் அடிக்கும் நண்பன் (அவனிடம் கேட்டுவிட்டு!) என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள். பார்டர் நன்றாகத் தெரியட்டும். நிழலை மறந்துவிடாதீர்கள்.