வீடிருந்தும் விருந்தினர்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம்மவர் வாக்கு. வளை ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பாரும் உலகில் உளர். பனியும் மலையும் கடலும் சூழ்ந்த நோர்வே நாட்டினரே அவர். நகரிலே தொழில் செய்து வாழ ஒரு வீடு. மலைச்சாரலிலோ கடற்கரையிலோ ஓய்ந்திருக்க மற்றொரு வீடு. இவ்விரண்டாம் வீட்டை அவர்கள் 'ஹிற்றே' என்பர். 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 54 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் இத்தகைய விடுமுறை வீடுகள் ஏறக்குறைய 440,000 இருந்தன. பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு என்று கொள்ளலாம்.

அவ்வாண்டிலே, தமது சொந்த மலைவீட்டில் ஓர் இரவேனும் தங்கலாகாது என்று மக்களுக்குக் கட்டளையிட அந்நாட்டு அரசாங்கத்துக்கு நேர்ந்தது. அக்கட்டளை வெறிச்சோடச் செய்த மலைப் பள்ளத்தாக்கு ஒன்றினை நாம் அண்மையில் விடுமுறை ஒன்றிலே கண்டு வந்தோம். கண்டதையும் கேட்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மலையேறும் புகையிரதம்

எம் மனைவியின் தம்பியார் ஒஸ்லோ நகரில் வாழ்கின்றார். கடந்த நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம்மவர் பலர் நோர்வே சென்றனர். அவர்களுட் பலர் வட கோடியிலுள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளிற் குளிரோடு போராடிப் பின்னர் தலைநகரிற் குடியேறினர். மைத்துனரும் அவ்வழி வந்தவரே. அவர் துணைவர ஒஸ்லோவிலிருந்து பேர்கன் செல்லும் புகையிரதத்தில் ஒரு காலைப்பொழுது ஏறினோம்.

1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை உலகின் அழகிய புகையிரதப் பாதைகளுள் ஒன்றென எண்ணப்படுவது. ஹோனபொஸ் என்னும் நகரைக் கடந்ததும் காடு தொடங்குகின்றது. நீண்டதோர் ஏரியின் கரையோரமாக ஓடும் வண்டி, பின்னர் ஹாலிங்டால் பள்ளத்தாக்கினுட் புகுந்து ஆற்றை எதிர்த்து ஏறுகின்றது. இருபுறமும் ஊசியிலை மரங்கள். இடையிடையே சிவப்பு வண்ணம் பூசிய தானியக் கொட்டில்கள். வெட்டி உலர்த்திய வைக்கோல். நெஸ்பியென், கோல், ஓல் முதலிய சிற்றூர்களைக் கடந்து, மூன்று மணி நேரத்துக்கு மேற் பயணஞ் செய்து, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்திலுள்ள யெய்லோ என்னும் ஊரில் இறங்கினோம்.

யெய்லோ, ஹோல் என்னும் உள்ளூராட்சிப் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவின் நிரந்தரக் குடிகள் சுமார் 4,500 பேரே. அங்குள்ள விடுமுறை வீடுகளோ 5,000க்கும் அதிகம். ஆளைவிட வீடு மலிந்த ஊர்! நாம் சென்றது கோடைகாலமாகையாற் பனிச்சறுக்கு விளையாட்டுக்கான இழுவைக் கம்பிகள் ஓய்ந்து தொங்கின. மலைச்சரிவெங்கும் கரிய மரவீடுகள். சிலவற்றின் கூரைமேற் புல் வளர்ந்திருந்தது. பெரும்பாலானவற்றின் யன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன.

முற்காலத்திற் கோடை வந்ததும் பள்ளத்தாக்கின் குடியானவர் மாடுகளையும் ஆடுகளையும் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வர். அங்கே சிறு குடில்களிற் பெண்கள் தங்கிப் பால் கறந்து வெண்ணெயும் பாற்கட்டியும் செய்வர். நகரத்தார் மலைக்கு வரத் தொடங்கியபோது அத்தகைய குடில்களே அவர்தம் மலைவீட்டுக்கு முன்மாதிரியாயின. மின்சாரமில்லை, குழாய்நீரில்லை; ஓடையில் நீர் அள்ளி, விறகெரித்துக் குளிர்காய்வதே இன்பம் என அவர்கள் கொண்டனர். இக்காலத்து மலைவீடுகளோ நகரத்து வீடுகளுக்கு எள்ளளவும் குறையாதவை. ஆயினும், வந்து போகுந்தோறும் குறிப்பெழுதி வைக்கும் புத்தகம் ஒன்று பல வீடுகளில் இன்றும் உண்டு. பாட்டனார் எழுதிய பக்கத்தைப் பேரப்பிள்ளை புரட்டிப் பார்க்கும். இதனாலே, ஆண்டிற் சில வாரமே வருகின்றவரும் 'இது எம் ஊர்' என்று மனமார எண்ணுகின்றனர்.

பண்டிகையும் பெருநோயும்

மலைவீட்டின் பெரும் பருவம் உயிர்த்த ஞாயிறு விடுமுறையாகும். பகல் நீண்டு வெயில் எறிக்கும். பனியோ இன்னும் உருகியிராது. நகரங்கள் வெறிதாக, வாகனங்கள் மலைநோக்கி அணிவகுக்கும். பையிலே தோடம்பழமும் சொக்கலேற்றும், கையிலே துப்பறியும் நாவலும் இருத்தல் வழக்கம். பண்டிகைக் காலத்திற் குற்றக்கதை படிக்கும் இவ்வினோத வழக்கம் 1923ஆம் ஆண்டிலே தோன்றியதென்பர். நாம் ஏறிச்சென்ற அதே பேர்கன் புகையிரதம் கொள்ளையிடப்படும் கதையொன்று அவ்வாண்டு வெளியாயிற்று. பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்த அதன் விளம்பரத்தை மெய்ச்செய்தியென்றே பலர் நம்பினராம்.

2020ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12ஆந் திகதி வந்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், மார்ச் 12ஆந் திகதி, கொவிட் பெருந்தொற்றின் பொருட்டு நோர்வே அரசாங்கம் பாடசாலைகளை மூடியது. உடனே நகரத்தார் பலர் எங்கே போவர்? கூட்டமில்லாத இடம், நல்ல காற்று, சொந்தக் கூரை. மலைவீட்டை நோக்கிப் புறப்பட்டனர். இயல்பான எண்ணமே. ஆனால் மலையூரார் நெஞ்சில் அச்சம் பிறந்தது.

அவ்வச்சத்துக்குக் காரணமிருந்தது. நோர்வேச் சட்டப்படி, ஓர் உள்ளூராட்சிப் பிரிவிலே தங்கியிருப்பவர் எவராயினும், அவ்வூரவரோ வந்தவரோ, அவருக்கு வேண்டிய அடிப்படை வைத்திய சேவையை அளித்தல் அப்பிரிவின் கடமை. ஆனால் வைத்தியரும் தாதியரும் முதியோர் இல்லத்துப் பணியாளரும் நிரந்தரக் குடிகளின் தொகைக்கேற்பவே அங்கு உளர். ஹாலிங்டாலில் ஓர் சிறு சிகிச்சை நிலையம் ஓல் என்னும் ஊரில் உண்டு. பெரிய வைத்தியசாலையோ, நாம் வழியிற் கடந்த ஹோனபொஸ் நகரிலே இருக்கின்றது. யெய்லோவிலிருந்து அங்கு செல்ல நூறு கிலோமீற்றருக்கு மேல். வந்தவருள் நூறு பேர் நோயுற்றாலும் மலைப்பாதை வழியே எத்தனை வண்டிகள் ஓடவல்லன?

முதலில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சில மலையூர்கள் தாமே தடை விதித்தன. மார்ச் நடுப்பகுதியில் அரசாங்கம் நாடு முழுவதற்கும் விதி செய்தது. சொந்த உள்ளூராட்சிப் பிரிவுக்கு வெளியேயுள்ள விடுமுறை வீட்டில் இராத் தங்குதல் குற்றம். மீறினால் 15,000 குரோணர் தண்டம், அன்றேல் பத்து நாட் சிறை. நீர்க்குழாய் உறைந்து வெடித்தல் போன்ற பெருஞ்சேதத்தைத் தடுக்கச் சென்று வரலாம், தங்கலாகாது. வீட்டை விலைகொடுத்து வாங்கியவர், வரி செலுத்துபவர், பனியில் வழிவெட்டக் கூலி கொடுப்பவர், அனைவரும் ஒரே நாளில் விருந்தினராயினர்; அதுவும் வாசலில் நிறுத்தப்பட்ட விருந்தினர்.

இரு பக்க நியாயம்

சொந்தக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒஸ்லோவில் ஒரே படிக்கட்டைப் பலரும் பயன்படுத்தும் மாடிக் குடியிருப்பைக் காட்டிலும், காட்டு நடுவே தனித்திருக்கும் மரவீடு தொற்றுக்கு இடங்கொடாதது அன்றோ என்று அவர்கள் கேட்டனர். உணவை நகரிலிருந்தே கொண்டுவருவோம், எவரையும் அணுகோம் என்றனர். இக்கேள்வியை எளிதில் ஒதுக்குதற்கில்லை. ஆனால் காலை முறிந்தாலும் நெஞ்சு வலித்தாலும் அழைக்க வேண்டியது அம்மலையூர் வைத்தியரையேயாகும். தனித்திருப்போம் என்று எண்ணுதல் எளிது. நோயுற்ற நாளில் எவரும் தனித்திருத்தல் இயலாது. தவிரவும், ஓடி ஒளிய இரண்டாம் வீடு இல்லாதவரே ஒஸ்லோவிற் பலர். கிழக்குப் பகுதியின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்து, பேருந்து ஓட்டியும் வைத்தியசாலைகளைத் துப்புரவு செய்தும் பிழைத்தவர்க்கு அத்தெரிவே இருக்கவில்லை.

மலையூரார் நிலையோ இன்னும் இக்கட்டானது. யெய்லோவில் நாம் தங்கிய விடுதிக்கு அருகில் வயது முதிர்ந்த ஓடாவி ஒருவரைச் சந்தித்தோம். மைத்துனர் மொழிபெயர்த்துக் கூறினார். அவர் ஆயுள் முழுவதும் நகரத்தாரின் மலைவீடுகளைக் கட்டியும் திருத்தியும் வாழ்ந்தவர். ஊரின் கடைகள், விடுதிகள், மின்தொழிலாளர், பனி வழிப்போர் யாவருக்கும் உயிர்த்த ஞாயிறு விடுமுறையே அறுவடைக் காலம். அவ்வாண்டு அறுவடை இல்லை. விடுதிப் பணியாளர் பலர் வேலையின்றி வீட்டிலிருந்தனர். தமக்கும் சில வாரங்கள் கையில் வேலையில்லை என்றார். அவ்வாறாயின் தடையை வெறுத்தீரோ என்று வினவினோம். அவர் உடனே விடை கூறவில்லை. அக்காலத்திலே தம் தாயார் ஊர் முதியோர் இல்லத்தில் இருந்ததாகவும், யன்னலுக்கு வெளியே நின்று கைகாட்டிவிட்டு வருவதாகவும் சொன்னார். வருமானமும் வேண்டும், தாயும் வேண்டும். ஆனால் வருமானம் அடுத்த ஆண்டும் வரும் என்றார்.

இன்னொன்றும் கூறினார். வர முடியாத சொந்தக்காரர் பலருக்காக அவர் சாவிகளோடு மலையேறினார். கூரையிற் பனிச்சுமை மிகுந்த வீடுகளிற் பனியைத் தள்ளினார். உட்சென்று குழாய்களைப் பார்த்துத் தொலைபேசியிற் படமெடுத்து அனுப்பினார். சிலர் அதற்குரிய கூலிக்கு மேலும், கோடையிற் செய்யவேண்டிய வேலைக்கு முன்பணமும் அனுப்பினராம். வேறு சிலர் தொலைபேசியிற் கடிந்து, உங்கள் ஊர் எங்கள் பணத்திலே வாழ்வதை மறந்தீரோ என்றனராம். இரு சாராரையும் ஒரே குரலிலேயே எடுத்துரைத்தார்.

நோர்வே மொழியில் 'டுக்நாட்' என்றொரு சொல் உண்டு. ஊரார் கூலி கருதாது ஒன்றுகூடிப் பொதுவேலை செய்வதை அது குறிக்கும். நம்மூரிற் கோவிற் கேணியை எல்லாரும் சேர்ந்து இறைத்துத் தூர்வாருவது போன்றது. பெருந்தொற்றுக் காலத்தில் அரசாங்கம் இச்சொல்லையே மக்கள்முன் வைத்தது. வராதிருத்தலும் ஓர் ஊர்ப்பணியாகலாம் என்பது அவ்வாண்டு அவர்கள் கற்ற புதுப்பாடம்.

தடை ஏப்ரல் 20ஆந் திகதி நீக்கப்பட்டது. அன்றே சிறுவர் பள்ளிகளும் மீளத் திறந்தன. வெளிநாட்டுப் பயணம் அரிதான அக்கோடையில் மலையூர்கள் மீண்டும் நிறைந்தன. ஆனால் விதி முற்றாக ஓய்ந்துவிடவில்லை. 2021 பெப்ரவரியில் அப்போதைய பிரதமர் ஏர்ணா சொல்பேர்க் அம்மையார் தமது அறுபதாம் பிறந்தநாளைக் குடும்பத்தினரோடு கொண்டாட வந்ததும் இதே யெய்லோவுக்கே. பத்துப் பேருக்கு மேற் கூடினர் என்று பொலிசார் ஏப்ரலில் அவருக்கு 20,000 குரோணர் தண்டம் விதித்தனர். அம்மையார் மன்னிப்புக் கோரித் தண்டத்தைச் செலுத்தினார்.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் எழுந்தது. பாரிஸ் நகரத்தார் பலர் 2020 மார்ச் 17ஆந் திகதி ஊரடங்கு தொடங்குமுன் அத்திலாந்திக் கரையிலுள்ள தீவுகளுக்கு விரைந்தனர். பின்லாந்து தன் தலைநகரம் அமைந்த ஊசிமா மாகாணத்தையே மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரை எல்லைகட்டி அடைத்தது. ஸ்கொத்லாந்தின் தலைமை வைத்திய அதிகாரி கதரின் கால்டர்வுட், மக்களை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டுத் தாம் இரண்டாம் வீட்டுக்குச் சென்றமையால் ஏப்ரல் 5ஆந் திகதி பதவி துறந்தார்.

நம் ஊரின் பூட்டிய வீடுகள்

திரும்பும் வழியிற் புகையிரதத்தில் மைத்துனர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அத்தான், ஊரிலே எங்கள் வீடும் பூட்டித்தானே கிடக்கிறது. இவர்கள் மூன்று மணி நேரத்திற் போய்ச் சேருவார்கள். நாங்கள் அந்த வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட வர வழியில்லாமல் இருந்தோம்" என்றார்.

அவர் கூறியது உண்மை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட கட்டுநாயக்க விமான நிலையம் சாதாரணப் பயணிகளுக்கு மீளத் திறந்தது 2021 ஜனவரியிலேதான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப் பகுதியிலும் கடல்கடந்து வாழ்வோரின் வீடுகள் எத்தனை! ஆண்டில் ஒருமுறை திறக்கும் அவ்வீடுகளின் முற்றத்தைக் கூட்டுவதும், கிணற்றை இறைப்பதும், மாரியில் ஓடு விலகினாற் பார்ப்பதும் பக்கத்து வீட்டாரே. அவ்வாண்டு அவர்களும் ஊரடங்கினுள்ளே இருந்தனர். எனினும் வேலி கடந்து சென்று விளக்கு வைக்கத் தவறாதவரை நாம் அறிவோம்.

நோர்வேயின் மலைவீட்டுக்காரரும் நம் புலம்பெயர்ந்த உறவினரும் வேறு வேறு காரணத்தால் ஊரை விட்டு வாழ்பவர். ஒருவர் ஓய்வு நாடி வருகின்றார். மற்றவர் போரினாலும் வறுமையினாலும் பிரிந்தார். ஆயினும் இருவர் முன்னும் நிற்கும் கேள்வி ஒன்றே. உறுதியில் எழுதிய காணி ஒருவருக்கு வீட்டைத் தரும். ஊரைத் தருவது எது? ஊரின் வைத்தியரும், முதியோரும், பள்ளிக்கூடமும், பாதையும் நல்ல நிலையில் இருத்தல் வேண்டுமென்ற கவலையிற் பங்கு கொள்வதே என்று நமக்குத் தோன்றுகின்றது. அப்பங்கினை முன்பணம் அனுப்பியும் கொள்ளலாம். வரவேண்டாமென்ற நாளில் வாராதிருந்தும் கொள்ளலாம். ஊரில் இருப்பவருக்கும் ஒரு கடன் உண்டு. கதவைச் சாத்த நேர்ந்த காலத்திலும், சாவியை மறவாது காத்து வைத்தலே அது.